மிளகு திருடிப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன்: இரத்தத்தில் ஊறியதா, வயதின் கோளாறா?

கேள்வி: தாண்டிக்குடி காப்பி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பகுதியில், காப்பியும் ஊடுபயிராக மிளகும் வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் மிளகுத் திருட்டு அதிகரித்திருக்கிறது. காப்பிப் பழத்தைத் திருடுபவனுக்குத் தோலை நீக்கும் பல்பர் இயந்திரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், உலர்த்த இடம் வேண்டும். காய்ந்த மிளகுக்கு ஒரு சாக்கும் மலையிறங்க ஒரு வண்டியும் போதும். சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்தில், தார்ப்பாயில் காயப்போட்டிருந்த மிளகை நள்ளிரவில் அள்ளிக்கொண்டிருந்தவர்களைக் காவலாளி பார்த்துவிட்டார். வண்டியோடு நின்ற பெரியவர்கள் தப்பிவிட, பிடிபட்டவன் பதினேழு வயதுப் பையன். அவனுடைய தாய் எங்கள் தோட்டங்களில் பழம் பறிக்க வருபவர். தந்தை இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பையன் பதினோராம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

அவனை என்ன செய்வது என்பதில் விவசாயிகளாகிய எங்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவனுடைய தாத்தா மீதும் அந்தக் காலத்தில் திருட்டு வழக்கு இருந்ததாகவும், ஆகவே இது இரத்தத்தில் ஊறிய குணம் என்றும், குடும்பத்தையே தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர், வழக்கெல்லாம் வேண்டாம், தெரிந்த காவலர் ஒருவரிடம் சொல்லி ஓர் இரவு நிலையத்தில் உட்கார வைத்தால் பயந்து திருந்திவிடுவான் என்கிறார்கள். இதற்கிடையே ஒருவர் அவன் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்.

குற்றம் செய்யும் மனம் பிறவியிலேயே அமைவதா? பயமுறுத்தினால் இந்த வயதுப் பையன் மாறுவானா? இவன் தொடர்ந்து இந்த வழியிலேயே போவானா, விட்டுவிடுவானா என்பதை முன்கூட்டியே அறிய ஏதாவது வழி உண்டா? இத்துறை அறிந்தவர்கள் விளக்கினால், கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மனநல மருத்துவர், மதுரை (சொந்த ஊர் கொடைக்கானல்)

ஐயா, முடிவெடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வருகின்றன.

குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான் என்ற எண்ணத்துக்கு அறிவியல் சாயம் பூசியவர் செசாரே லொம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர். தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் அமைப்பிலேயே குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று அவர் 1876-இல் எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடலமைப்பே இல்லை என்று 1913-இல் காட்டிவிட்டார். ஆனாலும் அந்த எண்ணம் அழியாமல், உடலை விட்டு 'இரத்தம்' என்ற சொல்லுக்குள் புகுந்துகொண்டது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையாகாது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 1984-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது. பெற்றவர், வளர்த்தவர் இரு தரப்பிலும் எவரும் தண்டனை பெறாத ஆண் பிள்ளைகளில் 13.5 விழுக்காட்டினர் பிற்காலத்தில் குற்றத் தீர்ப்புப் பெற்றார்கள். வளர்த்தவர் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் அது 14.7, பெற்றவர் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் 20, இரு தரப்பிலுமே இருந்தால் 24.5. பெற்றவரின் தாக்கம் இருப்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அதே எண்களை மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: தண்டனை பெற்றவருக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் ஐவரில் நால்வர் மீது எந்தத் தீர்ப்பும் இல்லை. பெற்ற தந்தையை வைத்தே மகனைக் கணிக்க முடியாதபோது, தாத்தாவை வைத்துப் பேரனைக் கணிப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. பரம்பரையாக வருவது திருடும் குணமன்று. படபடப்பு, ஆபத்தை நாடும் போக்கு, பொறுமையின்மை போன்ற மனப்பாங்குகளே வரலாம். அதே போக்குள்ள ஒருவன் நல்ல தீயணைப்பு வீரனாகவும் ஆகலாம்.

இரண்டாவதாக, வயது. பல நாடுகளின் புள்ளிவிவரங்களில் குற்றச் செயல்கள் பதின்பருவத்தின் பிற்பகுதியில் உச்சத்துக்கு ஏறி, இருபதுகளில் வேகமாக இறங்குகின்றன. டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அதற்குப் பெரிதும் துணை நின்றது. சிறு வயதிலேயே வன்மமும் அடங்காமையும் தொடங்கி, வளர்ந்த பிறகும் தொடர்பவர்கள் ஒரு வகை; இவர்கள் மிகச் சிலர். உடலால் பெரியவனாகிவிட்டு, சம்பாத்தியத்திலும் மதிப்பிலும் இன்னும் சிறுவனாகவே நடத்தப்படும் இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் தவறு செய்து, பிறகு விட்டுவிடுபவர்கள் இன்னொரு வகை, பெரும்பாலோர் இவர்களே. ஆனால் இந்த இரண்டாம் வகையினரையும் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும் கண்ணிகள் உண்டு என்று மோஃபிட் சொல்கிறார்: படிப்பு நின்றுபோவது, போதைக்கு அடிமையாவது, சிறைவாசம், வேலை கிடைக்காதபடி கெட்டுப்போன பெயர். உங்கள் கூட்டத்தில் பேசப்படும் யோசனைகள் இந்தப் பட்டியலில் எத்தனையைத் தொடுகின்றன என்று நீங்களே பாருங்கள்.

இளங்கன்று பயமறியாது என்று நம்மவர்கள் சொன்னதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், மார்கோ கார்ட்னர் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் பதின்பருவத்தினரையும் பெரியவர்களையும் ஆடச் செய்தார்கள். தனியாக ஆடியபோது இரு வயதினருக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பதின்பருவத்தினர் மட்டும் மிகுந்த ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். தன்னைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் கூட்டாளிகளின் பாராட்டுக்கு ஏங்கும் மனம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே விழித்துவிடுகிறது. பகலில் தனியாக இருக்கும்போது அந்தக் களத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பையன், இரவில் நான்கு பேரோடு சேர்ந்து அங்கே போகிறான் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி, பயமுறுத்துவதைப் பற்றி. இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராவே சிறைக்கு, 1970-களின் பிற்பகுதியில், வழிதவறத் தொடங்கிய சிறுவர்களை அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு அவர்களை அலறும்படி மிரட்டச் செய்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பல மாநிலங்கள் பின்பற்றின. பின்னர், சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்தவர்களே போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பயம் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் 'நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்ற எண்ணம் ஆறாது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ணைக்காடு

மருத்துவர் அம்மா அவர்கள் டென்மார்க்கிலிருந்து சான்று காட்டினார்கள். இரத்தத்தில் ஊறியது என்ற பேச்சு என்ன செய்யும் என்பதற்கு, நாம் மலையிலிருந்து இறங்கினாலே எட்டிவிடும் தொலைவில் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலேய அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் திருத்தப்பட்ட பிறகு அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. நம் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். உசிலம்பட்டிப் பகுதிப் பிரமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்த ஆண் ஒருவன், எந்தத் தவறும் செய்யாவிட்டாலும், கைரேகை பதிந்து, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்கி, இரவில் காவலர் கண்பார்வையில் படுத்து எழ வேண்டியிருந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் நீங்கியது.

நான் அப்பகுதியில் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்து வந்தவன். பிறவிக் குற்றவாளிகள் என்று அரசே முத்திரை குத்திய வீடுகளின் பேரப்பிள்ளைகள், பள்ளிக்கூடம் கிடைத்த ஒன்றிரண்டு தலைமுறைக்குள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும், அதே காவல் துறையில் அலுவலர்களாகவும் ஆனதை என் கண்முன்னே பார்த்திருக்கிறேன். இரத்தம் அதே இரத்தம்தான். ஆகவே அந்தத் தாத்தாவின் பேச்சை உங்கள் கூட்டத்தில் யாராவது எடுத்தால், தயவுசெய்து அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்தத் தாத்தாவின் மீதிருந்த வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய புகாரில் போடப்பட்டது என்பதே இன்று நம்மில் எவருக்கும் தெரியாது.

ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றையும் கேட்கிறேன். பதினோராம் வகுப்பில் அவன் ஏன் நின்றான்? நின்ற பிறகு யாராவது வீட்டுக்குப் போய் அழைத்தார்களா?

மறுமொழி 3: தோட்ட உரிமையாளர், பெரும்பாறை

மேலே எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதுவரை வந்த இரண்டு மறுமொழிகளிலும் மிளகைப் பறிகொடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் சொல்லவந்தது அதைத்தான்.

எங்கள் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று காயவைத்திருந்த மிளகு ஒரே இரவில் போய்விட்டது. ஏணி கட்டி, சில்வர் ஓக் மரத்தில் ஏறி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த சரக்கு அது. மூன்று கிலோவுக்கு மேல் பச்சை மிளகு காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். அவர் அன்றிலிருந்து இரவில் தூங்குவதில்லை. சிறு சத்தம் கேட்டாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். அந்த மனநிலைக்கு யார் மருந்து கொடுப்பது? திருடியவனுக்குத் தந்தை இல்லை, படிப்பு இல்லை என்று காரணம் அடுக்கினால், அதே லயனில், அதே வறுமையில், தந்தை இல்லாமல் வளர்ந்து, ஒரு மணி மிளகைத் தொடாமல் வாழும் மற்றப் பிள்ளைகளை நாம் அவமதிக்கிறோம் என்றே எனக்குப் படுகிறது.

அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அடிக்கச் சொல்லவில்லை, ஆனால் செய்ததற்கு ஒரு விளைவு இருக்கிறது என்பது அவனுக்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், திண்டுக்கல் மாவட்டம்

பெரும்பாறை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். விளைவு இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு உறுதியாகவும் விரைவாகவும் வருகிறது என்பதே மனிதனைத் தடுக்கிறது. 1764-இல் இத்தாலியரான பெக்காரியா எழுதியதைப் பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் உறுதிப்படுத்துகின்றன. பத்துத் திருட்டில் ஒன்பது பிடிபடாமல் போய், பத்தாவதில் அகப்பட்டவனை மட்டும் நையப் புடைத்தால், மற்றவர்கள் அதிலிருந்து கற்பது 'அவனுக்கு நேரம் சரியில்லை' என்பதைத்தான்.

என் பணிக்காலம் முழுவதும் இத்தகைய சிறுவர்களின் வீடுகளுக்குப் போய், பெற்றோரையும் ஆசிரியரையும் அக்கம்பக்கத்தையும் விசாரித்து, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் சமூகப் பின்னணி அறிக்கை எழுதுவதே என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: திருடுவது தவறு என்று தெரியாத பையனை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே செய்வதற்கு மனம் ஒரு சமாதானத்தைத் தேடிக்கொள்கிறது. கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இரு சமூகவியலாளர்கள் 1957-இல் இத்தகைய சமாதானங்களை ஐந்தாக வகைப்படுத்தினார்கள். அவற்றை நான் நம் பிள்ளைகள் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். 'கூப்பிட்டாங்க, போனேன்' என்பான் ஒருவன். 'அவங்களுக்கு இதெல்லாம் ஒரு நட்டமா' என்பான் இன்னொருவன். 'எங்க அம்மா கூலியில பிடிச்சதைத்தானே எடுத்தோம்' என்று உரிமையாளரையே குற்றவாளியாக்குவான் மற்றொருவன். 'ஊர்ல எவன் யோக்கியன்' என்பதும், 'கூட்டாளியை எப்படி விட்டுட்டு வர்றது' என்பதும் மீதி இரண்டு. இவை குற்றத்துக்குப் பிறகு சொல்லும் சாக்குகள் மட்டுமல்ல. பல நேரங்களில் குற்றத்துக்கு முன்பே மனத்தில் தயாராக இருந்து, கையை நீட்டுவதற்கு அனுமதி தருபவை. ஆகவேதான், பறிகொடுத்தவரை அவன் முகத்துக்கு நேரே பார்க்க வைப்பது பயன்தரும் என்று நம்புகிறேன். 'அவங்களுக்கு நட்டமில்லை' என்ற சமாதானம், கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத அப்படிப்பட்ட ஒரு தகப்பனார் எதிரில் உட்கார்ந்து பேசும்போது நிற்காது. நியூசிலாந்து 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி இரு குடும்பங்களையும் உட்கார வைத்து, ஈடு என்ன என்பதைப் பேசி முடிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இதை ஊர்க்கூட்டத்தில் நடுவில் நிற்க வைத்து அவமானப்படுத்துவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்த செயலைக் கண்டித்து, செய்தவனை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் கண்டனம் குற்றத்தைக் குறைக்கும். ஆளையே தள்ளிவைக்கும் கண்டனம் அதைப் பெருக்கும் என்று ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் எழுதினார். தள்ளிவைக்கப்பட்ட பையனைச் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு கூட்டம்தான் காத்திருக்கும், அது அன்று வண்டியோடு நின்ற கூட்டம்.

அந்த வண்டிக்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எனக்கு வருத்தம். பதினேழு வயதுப் பையனுக்கு மூட்டைக் கணக்கில் மிளகு விற்கும் இடம் தெரியாது. அதை வாங்கும் ஒருவர் கீழே இருக்கிறார். கேட்டால், 'சாக்கில் பெயரா எழுதியிருக்கிறது' என்பார். பையன் சொன்ன அதே வகைச் சமாதானம்தான் இதுவும். ஆனால் இவருக்கு வயதின் மன்னிப்புக் கிடையாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது தனிக் குற்றம். சிறுவர்களைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. உங்கள் கூட்டம் தன் கோபத்தை முதலில் அந்தத் திசையில் திருப்பினால் அடுத்த பருவத்தில் மிளகு மிஞ்சும்.

இனிச் சட்டநிலை. பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவல் நிலைய அறையில் ஓர் இரவு அடைத்து வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பிடித்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பூட்டறையில் வைக்கவே கூடாது. தெரிந்த காவலர் மூலமாக மிரட்டுவது அந்தக் காவலரையும் சிக்கலில் மாட்டும். அவன் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்றே நீக்கச் சொல்லுங்கள். வெட்டவெளிக் களத்தில் நடந்த சாதாரணத் திருட்டு, மூன்று ஆண்டுகள் வரை மட்டுமே தண்டனைக்குரியது. சிறுவர்களைப் பொறுத்தவரை அது சிறு குற்றம் என்ற வகையில் வரும். இத்தகைய வழக்கில் பொதுவாக முதல் தகவல் அறிக்கைகூடப் போடாமல் நாட்குறிப்பில் பதிந்து பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்பதால் இங்கே முதல் தகவல் அறிக்கை பதிவாகலாம். அப்படியே ஆனாலும் அவனுடைய விசாரணை பெரியவர்களின் வழக்கோடு சேராது. குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். எச்சரித்து விடுவது, ஆலோசனைக்கு அனுப்புவது, சமூகப் பணி செய்யச் சொல்வது, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பது என்று பல வழிகள் அவர்களுக்கு உண்டு. பின்னாளில் வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு அவனுக்குத் தடையாகக் கூடாது என்று 24-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே முறைப்படி புகார் கொடுப்பதை அவனுக்குச் செய்யும் தீங்கு என்று நினைக்க வேண்டாம். நீங்களாகவே தண்டிப்பதைவிட அது அவனுக்கும் பறிகொடுத்தவருக்கும் பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: தாண்டிக்குடி காப்பி விவசாயி

எல்லோருக்கும் நன்றி. படத்தை நீக்கச் செய்துவிட்டோம். ஆசிரியர் ஐயா கேட்டதை அந்த அம்மாவிடமே விசாரித்தேன். பத்தாம் வகுப்பை எப்படியோ தாண்டிவிட்டானாம். ஆனால் தமிழ்ப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்க வராது, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடுவான் என்றார். பள்ளியை விட்ட பிறகு சுற்றுலா ஜீப்புகள் நிற்கும் இடத்தில் இருந்துகொண்டிருக்கிறான். அங்கேதான் அந்தப் பெரியவர்களின் பழக்கம். முதலில் பரோட்டா வாங்கித் தந்திருக்கிறார்கள், பிறகு பழைய போன் ஒன்று, பிறகு மது.

பையனிடமும் பேசினேன். நான் எவ்வளவு கேட்டும் தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில், 'டார்ச் மட்டும் பிடிச்சா போதும்னு சொன்னாங்க' என்றான். களத்தில் அவன் கையில் சாக்கு இருந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார் என்று சொன்னதும் அழுதுவிட்டான். இந்த அழுகையை நம்பலாமா? இவன் மருத்துவர் அம்மா சொன்ன முதல் வகையா, இரண்டாம் வகையா?

மறுமொழி 5: மனநல மருத்துவர், மதுரை

ஓர் அழுகையை வைத்து நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டதற்காக அழுபவர்களும் உண்டு, செய்ததற்காக அழுபவர்களும் உண்டு, இரண்டுமாக அழுபவர்களே மிகுதி. சிறு பருவத்தைக் கேளுங்கள். பத்து வயதுக்கு முன்பே பிற பிள்ளைகளைக் காயப்படுத்தியது, நாய், பூனைகளை வதைத்து மகிழ்ந்தது, வேண்டுமென்றே தீ வைத்தது, வீட்டை விட்டு ஓடியது போன்றவை தொடர்ச்சியாக இருந்தனவா? பிறர் வலியைக் கண்டு எந்தச் சலனமும் இல்லாத கல்மனம் சிறு வயதிலிருந்தே இருந்ததா? இவை பலவும் சேர்ந்து இருந்தால் நான் கவலைப்படுவேன். அப்போதும்கூட அது சிகிச்சையை இன்னும் அதிகமாகக் கோரும் நிலையே தவிர, கைவிடுவதற்கான காரணமன்று. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. பதினாறு வயதுக்குப் பிறகு, பெரியவர்களின் பழக்கத்துக்குப் பிறகு, கூட்டத்தோடு மட்டும் நடந்த செயலாகவே தெரிகிறது.

வாசிக்க வராதது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அறிவில் குறையில்லாமலேயே எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களை மக்கு என்றும் சோம்பேறி என்றும் சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடத்தை அவமானத்தின் இடமாக ஆக்கிவிடுகிறோம். மதிப்புக் கிடைக்காத இடத்தை விட்டு, பரோட்டாவும் போனும் கொடுத்து 'தம்பி' என்று அழைக்கும் இடத்துக்கு அவன் போனதில் மனத்தின் தர்க்கம் இருக்கிறது. அதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்த மதிப்பை வேறு எங்கே தர முடியும் என்று நீங்கள் தேடுவதற்காகச் சொல்கிறேன்.

பெரும்பாறை ஐயா கேட்டது சரியான கேள்வி; அதே வறுமையில் திருடாத பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று. பெரும்பாலும் அவர்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் நிலையாக இருந்திருப்பார்: ஒரு மாமா, ஓர் ஆசிரியர், வேலை கற்றுக்கொடுத்த ஒரு மேஸ்திரி. பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட ஐந்நூறு சிறுவர்களைப் பற்றிய பழைய பதிவுகளை எடுத்து, ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் இருவரும் அவர்களுடைய எழுபது வயது வரை தொடர்ந்தார்கள். சிறுவயதுக் குணத்தை வைத்து யார் விடுவார், யார் தொடர்வார் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. விட்டவர்களின் வாழ்க்கையில் நிலையான வேலை, நல்ல இல்லறம், இராணுவச் சேவை போன்ற ஏதோ ஒரு திருப்பம் இருந்தது. ஒழுங்கான நேரமும், தன்னை எதிர்பார்த்திருக்கும் ஆட்களும், இழப்பதற்கு ஏதோ ஒன்றும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன. குடும்பத்தை லயன் வீட்டிலிருந்து வெளியேற்றினால் இந்த மூன்றும் ஒரே நாளில் போய்விடும்.

பறிகொடுத்தவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு இரு தரப்பும் மனமொப்ப வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்களின் கோபம் அவர்களுடையது. ஈடு செய்யும் பொறுப்பைக் குழுமத்தின் மேற்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதாக அது மாறிவிடக் கூடாது. தூங்காமல் டார்ச்சோடு வெளியே போகும் அந்த விவசாயிக்கும் உதவி தேவை. இழப்புக்குப் பிறகு நெஞ்சில் நிற்கும் அந்த எச்சரிக்கை உணர்வு வாரக்கணக்கில் குறையாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பையனைப் பொறுத்தவரை, புகார் கொடுக்கும்போதே குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம், அவனுக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்பதையும், மது கொடுத்துப் பழக்கியவர்கள் யார் என்பதையும் எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள். பின்னணி அறிக்கை எழுதுபவர் கண்ணில் அது பட்டால்தான் குழுமம் கற்றல் மதிப்பீட்டுக்கும் மதுப்பழக்க ஆலோசனைக்கும் உத்தரவிட முடியும். அந்தப் பெரியவர்கள் அவனை மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். குழுமத்துக்குத் தாயோடு போய்வர யாராவது ஒருவர் துணையாக இருக்கட்டும்; தினக்கூலிக்குப் போகும் பெண், மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தாக வேண்டும், வராமல் போனால் அதையும் பையனின் தவறாகவே எழுதிவிடுவார்கள்.